முடி உதிர்வுக்கு மூலிகை வேலை செய்யுமா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

முடி கொட்டுகிறது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், கூட இருப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிடுவார்கள். ஒருவர் வெங்காயம் என்பார், இன்னொருவர் ரோஸ்மேரி என்பார், மூன்றாமவர் ஷாம்பூவையே நிறுத்தச் சொல்வார். முப்பது வயதை ஒட்டி எனக்கு உச்சி மெலிய ஆரம்பித்தபோது நானும் எண்ணெய், சாறு, மாத்திரை என்று இரண்டு வருடம் ஓட்டியவன்தான். அப்போது பட்டதையும் அப்புறம் ஆய்வுகளைத் தேடிப் படித்ததையும் வைத்து, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இயற்கை வைத்தியத்தில் முடி வளருமா, வளராதா?

உங்களுக்கு ஏன் கொட்டுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. மழுப்பல் போலத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு வருவது மூன்றில் ஒன்று. முதலாவது பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சி மெலியும். பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போகும். இரண்டாவது, உடம்புக்கு ஏதோ ஓர் அதிர்ச்சி வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டாக்டர்கள் இதை டெலோஜென் எஃப்லூவியம் என்பார்கள். மூன்றாவது புழுவெட்டு, காசு அளவில் வட்டமாக முடி போய்விடும். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது.

இரண்டாவது வகை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மூன்றாவது பலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆகாது. முதலாவது தானாகச் சரியாகவே ஆகாது. மூலிகை பற்றி நீங்கள் கேள்விப்படும் வெற்றிக் கதைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பது என் சந்தேகம்.

என் தோழிக்கு ஒரு எண்ணெய் தேய்த்து மூன்றே மாதத்தில் முடி கொட்டுவது நின்றுவிட்டது. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

நீங்கள் பார்த்தது பொய்யில்லை, நின்றதும் உண்மைதான். எதனால் நின்றது என்பதில்தான் தகராறு.

ஒரு முடியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். தலைமுடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளர்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சுமார் மூன்று மாதம் சும்மா வேரில் உட்கார்ந்திருந்து, பிறகு உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புதிது கிளம்புகிறது. கடும் காய்ச்சல் போல ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் அந்தச் சும்மா உட்காரும் கட்டத்துக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும்போதுதான் நாம் பதறிப்போய் எண்ணெய் வாங்குகிறோம், அதற்குள் காய்ச்சலே மறந்துபோயிருக்கும். வேரடியில் புது முடி ஏற்கெனவே கிளம்ப ஆரம்பித்துவிட்ட நேரம் அது! அடுத்த சில மாதங்களில் எப்படியும் நின்றிருக்க வேண்டிய உதிர்வு நிற்கிறது, பேர் எண்ணெய்க்குப் போகிறது.

அதனால்தான் ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்துப் பார்க்கிறார்கள். வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலின் ஆய்வுகளில்கூட மருந்தில்லாத திரவம் தடவியவர்களில் சிலருக்குக் கொஞ்சம் முடி கூடியிருந்தது. ஒப்பிட ஆள் இல்லாமல் "எனக்கு வளர்ந்தது" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என் தலையை வைத்து நான் சொல்வதற்கும் இதே கதிதான்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் கவலைப்பட வேண்டும்?

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது, தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இரண்டு நாள் தலை குளிக்காமல் மூன்றாம் நாள் குளித்தால் மூன்று நாள் கணக்கும் சேர்ந்து வரும், அதைப் பார்த்து அலற வேண்டாம். உட்கார்ந்து எண்ணாதீர்கள், எண்ணி யாருக்கும் நிம்மதி வந்ததில்லை. முன்னைவிட அதிகமா, தொடர்ந்து அதிகமா என்று மட்டும் கவனியுங்கள்.

ரோஸ்மேரி எண்ணெய் மினாக்ஸிடிலுக்குச் சமம் என்கிறார்களே?

இது எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். 2015-இல் ஈரானில் ஓர் ஆய்வு வெளியானது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, மீதிப் பேருக்கு 2% மினாக்ஸிடில், ஆறு மாதம். மூன்றாம் மாதத்தில் இரண்டு பிரிவிலுமே சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆறாம் மாதம் இரண்டிலுமே முடி எண்ணிக்கை கூடியிருந்தது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தலை அரிப்பு மினாக்ஸிடில் தடவியவர்களுக்குத்தான் அதிகம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம் இடிக்கிறது. ஒன்றும் தடவாத, அல்லது வெறும் எண்ணெய் தடவிய மூன்றாவது பிரிவு அதில் இல்லை. ஒப்பிட்டது 2% மினாக்ஸிடிலுடன், ஆண்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 5% உடன் இல்லை. 2002-இல் வந்த வேறொரு பெரிய ஆய்வில் 48 வாரத்தில் 2% கொடுத்ததைவிட 5% சுமார் 45% அதிக முடியைக் கொடுத்தது. மூன்றாவது, 2% பிரிவிலேயே கிடைத்த பலன் ரொம்பச் சின்னது, அந்தச் சின்னதற்குத்தான் ரோஸ்மேரி சமம். ஆக, ரோஸ்மேரி ஏதோ கொஞ்சம் செய்யலாம் என்று ஒரு ஆய்வு சொல்கிறது, அவ்வளவுதான். அதை "மருந்துக்குச் சமம்" என்று ஆக்கியது விளம்பரம்.

ரோஸ்மேரி இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் தெளிப்பதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆய்வில் பயன்பட்டது அது கிடையாது. இலைத் தண்ணீரில் சத்து எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புழுவெட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1998-இல் ஸ்காட்லாந்தில் 86 பேரை வைத்து ஏழு மாதம் பார்த்தார்கள். தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், செடார்வுட் நான்கின் வாசனை எண்ணெய்களையும் ஹொஹோபா எண்ணெயிலும் திராட்சை விதை எண்ணெயிலும் கலந்து தினமும் தேய்த்தவர்களில் 44% பேருக்கு முன்னேற்றம். அந்த இரண்டு எண்ணெயை மட்டும் தேய்த்தவர்களில் 15%. ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததால் இதற்கு என்னிடம் மரியாதை அதிகம். ஆனால் இது புழுவெட்டு, உங்கள் நெற்றி ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

வெங்காயச் சாறு?

நான் செய்த வைத்தியங்களிலேயே வீட்டில் அதிகம் திட்டு வாங்கிக் கொடுத்தது இதுதான். தலையணை உறைகூட நாறும். நாலு மாதம் தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது.

2002-இல் ஈராக்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 23 பேர் தினம் இரண்டு முறை வெங்காயச் சாறு தடவினார்கள், 15 பேர் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் 23-இல் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர் தடவியவர்களில் எட்டு வாரத்தில் இரண்டே பேருக்கு. அசத்தலான கணக்கு! ஆனால் அத்தனை பேரும் புழுவெட்டுக்காரர்கள். எனக்கு இருந்ததோ பரம்பரை வழுக்கை. சாறு தோலைக் கொஞ்சம் எரித்து, எதிர்ப்புச் சக்தியின் கவனத்தைத் திசைதிருப்புவதால் புழுவெட்டில் பலிக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. டாக்டர்களே சில நேரம் வேண்டுமென்று தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் மருந்துகளைப் புழுவெட்டுக்குத் தடவுகிறார்கள், ஆகவே இந்த எண்ணம் ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. ஆனால் 38 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வு அது, வெங்காய வாசனையை மறைக்கவும் முடியாது, யாருக்கு எது போகிறது என்று எல்லோருக்குமே தெரிந்திருக்கும். புழுவெட்டு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை ஒரு வருடத்தில் சிகிச்சையே இல்லாமல் தேறிவிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை?

பச்சைப் பூண்டு தோலைப் பொத்துப்போக வைக்கும். எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கும். வேண்டாம்.

தேங்காய் எண்ணெய், ஆமணக்கு எண்ணெய் எல்லாம் முடியை வளர்க்காதா?

இங்கே இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முடி வேரோடு உதிர்வது ஒன்று, முடி நடுவில் முறிவது இன்னொன்று. கீழே கிடக்கும் முடியை எடுத்துப் பாருங்கள், ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது, குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் முறிந்தது.

முறிவதற்குத் தேங்காய் எண்ணெய் நிஜமாகவே நல்லது. 2003-இல் வெளியான ஒரு ஆய்வில் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னதாக, நேராக இருப்பதால் முடித்தண்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. முறிவது குறைந்தால் முடி நீளமாகும், அடர்த்தியாகத் தெரியும், "வளர்கிறது" என்று தோன்றும். மயிர்க்காலில் நடப்பதை அது மாற்றுவதில்லை. தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி உயிரில்லாத பொருள், அதற்கு உணவு ஊட்டவும் முடியாது. "வேருக்கு ஊட்டம்" என்ற வார்த்தையைப் பாட்டிலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். மயிர்க்காலுக்குச் சாப்பாடு ரத்தம் வழியாகத்தான் போகிறது.

ஆமணக்கு எண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. அது பிசின் போலக் கெட்டி. நீள முடியில் அப்படியே ஊற்றித் தேய்த்து, முடி மொத்தமும் பின்னிக் கல் போல இறுகி, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவந்த சம்பவம்கூட மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

கரிசலாங்கண்ணி, பெப்பர்மின்ட் எல்லாம் ஆய்வில் நிரூபணமானவை என்று போட்டிருக்கிறதே?

எலிகளுக்கு நிரூபணமானவை. 2008-இல் கரிசலாங்கண்ணிச் சாற்றை எலிகளின் முதுகை மழித்துத் தடவியபோது முடி சீக்கிரம் முளைத்தது. 2014-இல் தென் கொரியாவில் 3% பெப்பர்மின்ட் எண்ணெயைச் சுண்டெலிகளுக்கு நாலு வாரம் தடவினார்கள், அங்கேயும் நல்ல பலன். எலிக்கு வழுக்கை விழுவதில்லை என்பதுதான் சிக்கல். ஆரோக்கியமான எலியை மழித்துவிட்டு முளைக்க வைப்பது, மழித்தது எப்படியும் முளைக்கும், அதைக் கொஞ்சம் முந்த வைப்பது. பத்து வருடமாகச் சுருங்கிக்கொண்டே வரும் மனித மயிர்க்காலைத் திருப்புவது வேறு கதை. அடுத்த தடவை "ஆய்வு சொல்கிறது" என்று பார்த்தால், யாரிடம் செய்த ஆய்வு என்று ஒரு வரி தள்ளிப் படியுங்கள்.

பரம்பரை வழுக்கை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. காயடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பரம்பரை உள்ளவர்களுக்கு மட்டும் வழுக்கை ஆரம்பிக்கிறது என்று காட்டினார். அப்புறம் 1974-இல் டொமினிகன் குடியரசில் ஒரு விசித்திரமான குடும்ப வரிசை பற்றிய கட்டுரை வந்தது. அங்கே சில ஆண் குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை போல இருந்து, பருவ வயதில்தான் ஆணாகத் தெரிந்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அவர்களுக்குக் குறைவு. அவர்கள் யாருக்கும் வயதானாலும் வழுக்கை இல்லை!

ஆக டிஎச்டிதான் ஆள். பரம்பரையாக அதற்குப் பணியும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன, வளரும் காலமும் குறைகிறது, தடித்த முடி பூனைமுடியாகிறது. ஐம்பது வயதுக்குள் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இது ஓரளவு வந்துவிடுகிறது. தொப்பி போட்டதாலோ தண்ணீர் மாறியதாலோ ஷாம்பூவாலோ வருவதில்லை.

அப்படியானால் டிஎச்டியைக் குறைக்கும் மூலிகை இல்லையா?

இருக்கிறது, என் பார்வையில் மூலிகைகளில் கொஞ்சமாவது மரியாதைக்குரியது இந்தக் கூட்டம்தான்.

சா பால்மெட்டோ என்பது அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் ஒரு குட்டைப் பனை. அதன் பழச் சாறு அந்த நொதியை ஓரளவு தடுக்கிறது. 2012-இல் இத்தாலியில் 100 ஆண்களில் ஒரு பிரிவுக்கு இதை 320 மி.கி., இன்னொரு பிரிவுக்கு அதே நொதியைத் தடுக்கும் மருந்தான ஃபினாஸ்டரைடு 1 மி.கி. இரண்டு வருடம் தினமும் கொடுத்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது சா பால்மெட்டோவில் 38% பேருக்கு, ஃபினாஸ்டரைடில் 68% பேருக்கு. இங்கேயும் ஒன்றும் சாப்பிடாத பிரிவு இல்லை, ஆகவே அந்த 38-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பூசணி விதை எண்ணெய்க்கு 2014-இல் தென் கொரியாவில் 76 ஆண்களை வைத்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தினம் 400 மி.கி., 24 வாரம். முடி எண்ணிக்கை 40% கூடியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 10%. மூலிகை ஆய்வுகளில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முடிவு இதுதான். ஒரே குறை, அந்த மாத்திரையில் பூசணி எண்ணெய் மட்டும் இல்லை, வேறு காய்கறிப் பொடிகளும் கலந்திருந்தன. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நொதியைத் தடுக்கிறது என்றால் அது ஹார்மோனில் கை வைக்கிறது என்று அர்த்தம். மாத்திரைக்குப் பயந்து மூலிகைக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்கள் சா பால்மெட்டோவைத் தொடவே கூடாது.

பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் என்ற பி வைட்டமின் குறைபாடு இருந்தால் முடி கொட்டும், சரி. ஆனால் அந்தக் குறைபாடு அபூர்வம், மாதக்கணக்கில் பச்சை முட்டை வெள்ளைக்கருவையே சாப்பிடுகிறவர்களுக்கு வரலாம். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதிகமாகக் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், அது ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். தைராய்டு முடிவு தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடத் தப்பாகக் குறைவாகக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் மறக்காமல் சொல்லுங்கள்.

இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடி கொட்ட உண்மையான, சரிசெய்யக்கூடிய காரணங்கள். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் தவறுதலாகச் செலினியம் பல மடங்கு சேர்ந்துபோய் 200 பேர் அளவில் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் நிறையப் பேருக்கு முடி கொட்டியது.

தலையை மசாஜ் செய்தால்?

2016-இல் ஜப்பானில் ஒன்பதே ஒன்பது ஆண்கள், தினம் 4 நிமிடம், 24 வாரம். முடியின் தடிமன் 0.085 மி.மீ.யிலிருந்து 0.092 மி.மீ. ஆனது. எண்ணிக்கை கூடவில்லை. செலவில்லை, கெடுதலும் இல்லை, சுகமாக இருக்கும். செய்துகொள்ளுங்கள், நகத்தால் சுரண்டாமல்.

பொடுகு இருக்கிறது, எண்ணெய் வைத்தால் குறையுமா?

பெரும்பாலும் கூடும். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது, நாம் கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறுகிறோம். எண்ணெய் வைத்ததும் செதில் படிந்து கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஒரு மூலிகையை நான் தைரியமாகச் சொல்வேன்: டீ ட்ரீ எண்ணெய். 2002-இல் ஆஸ்திரேலியாவில் 126 பேரை வைத்துப் பார்த்ததில், 5% டீ ட்ரீ கலந்த ஷாம்பூ போட்டவர்களுக்குப் பொடுகு 41% குறைந்தது, அது கலக்காததில் 11%. பொடுகுக்குத்தான், வழுக்கைக்கு இல்லை.

இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதே?

ஊமத்தையும் இயற்கைதான்.

தலையில் தடவுவதில் வரும் தொல்லை பெரும்பாலும் தோல் ஒவ்வாமை. வாசனை எண்ணெய்களை நீர்க்காமல் அப்படியே தடவினால் எரியும், சிவக்கும், அந்த அழற்சியே இன்னும் முடியைக் கொட்ட வைக்கும். வேறொரு எண்ணெயில் நன்றாக நீர்த்து, முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

உள்ளுக்குச் சாப்பிடுவதில் விஷயம் கொஞ்சம் சீரியஸ். சீன வைத்தியத்தில் முடிக்குப் பேர்போன ஹீ ஷோ வூ என்ற வேர் கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் நிறையப் பதிவாகியுள்ளன. 2008-இல் வெளியான ஒரு ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. மூலிகை நல்லதாக இருந்தாலும் புட்டியில் இருப்பது அதுதானா என்பது தனிக் கேள்வி.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்குமா?

முளைக்காது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும்.

அப்போ மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டரைடும்தான் வழியா? அவற்றுக்குப் பக்கவிளைவு உண்டே?

உண்டு, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரிப்பு வரலாம், முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது வருவதால் வருவது அது, பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஃபினாஸ்டரைடு வழுக்கைக்கு 1997-இல் வந்தது, ரத்தத்தில் டிஎச்டியை ஏறக்குறைய 70% குறைக்கிறது. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொல்லை, மனச்சோர்வு வரலாம். கர்ப்பிணிகள் அந்த மாத்திரை உடைந்திருந்தால் தொடக்கூடக் கூடாது. டாக்டர் இல்லாமல் எடுத்துக்கொள்ளும் மருந்து அல்ல.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மருந்தின் பக்கவிளைவு நமக்குத் தெரிவது, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து எழுதிவைத்திருப்பதால். மூலிகைப் புட்டியில் பக்கவிளைவுப் பட்டியல் இல்லாததற்குக் காரணம் பல நேரம் யாரும் பார்க்கவில்லை என்பதுதான். இரண்டுமே வேண்டாம், வழுக்கையோடு இருந்துகொள்கிறேன் என்றாலும் முழுக்க நியாயமான முடிவு, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மருந்தோடு எண்ணெயும் சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம், ஒரே நேரத்தில் வேண்டாம். மினாக்ஸிடில் தடவிக் குறைந்தது நாலு மணி நேரமாவது தலையில் இருக்கட்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் அதைத் தடவாதீர்கள். எண்ணெயைக் குளிக்கப் போகும் முன் வைத்துக்கொண்டால் வம்பு இல்லை.

ஒரு மூலிகையை முயன்று பார்க்கத்தான் போகிறேன். எவ்வளவு நாள் பார்ப்பது?

ஆறு மாதம். முடியின் வேகமே அப்படி, மூன்று வாரத்தில் பலன் என்பவர் பொய் சொல்கிறார். ஆரம்பிக்கும் நாளில் ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த முடி, ஒரே வகிடு என்று உச்சியையும் நெற்றியையும் போட்டோ எடுத்துவையுங்கள். மாதம் ஒருமுறை அதேபோல. தினமும் கண்ணாடியில் பார்ப்பதை நம்பாதீர்கள், நம் ஆசையும் பயமும்தான் அதில் தெரியும். ஒரே நேரத்தில் ஐந்து வைத்தியம் செய்யாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமலே ஆயுசுக்கும் ஐந்தையும் சுமக்க வேண்டிவரும்.

பரம்பரை வழுக்கை என்று தெரிந்தும் மூலிகையில் இறங்குவதாக இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் போகாதீர்கள். நான் தொலைத்தது பணத்தைவிட அந்த இரண்டு வருடம்தான். சுருங்க ஆரம்பித்த மயிர்க்காலை மருந்து ஓரளவு மீட்கும், பல வருடம் வழவழவென்று ஆகிப்போன இடத்தில் மருந்தாலும் ஒன்றும் முடியாது, மூலிகையாலும் முடியாது.

எப்போது டாக்டரிடம் உடனே போக வேண்டும்?

முடி போன இடத்தில் வலி, எரிச்சல், சீழ் இருந்தால், அல்லது அங்கே தோல் பளபளவென்று தழும்பு போல ஆகி மயிர்க்கால் துளைகளே தெரியாவிட்டால் அன்றைக்கே. தழும்பாகும் வகையில் போன முடி திரும்புவதில்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஓட வேண்டும். குழந்தைக்குச் செதிலோடு திட்டாக முடி போனால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்கு மருந்து வேண்டும், தடவுவது போதாது. புருவம், இமை முடி போனாலும், ஆறு மாதத்துக்கு மேல் கொட்டுவது நிற்காவிட்டாலும், பெண்களுக்கு முடி கொட்டுவதோடு மாதவிலக்கு தாறுமாறாகி முகத்தில் முடி வந்தாலும் போங்கள். இறுக்கமாகப் பின்னல் போட்டு நெற்றியோரம் முடி போயிருந்தால் முதலில் பின்னலைத் தளர்த்துங்கள், தைலம் அப்புறம்.

கடைசியாக, நீங்கள் இப்போது என்ன தடவுகிறீர்கள்?

ராத்திரி மினாக்ஸிடில், ஐந்து வருடமாக. உச்சி முழுசாக மூடவில்லை, ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவைவிட மோசமில்லை. வாரம் ஒருமுறை குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். அதனால் முடி வளராது என்று தெரியும், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். வெங்காயத்தைச் சமையலோடு நிறுத்திக்கொண்டேன்.